முதுமையில் நடையும் நினைவும்



"வயதாகிவிட்டது, இனி ஓரிடத்தில் அமர்ந்து ஓய்வு கொள்ளுங்கள்" என்று பெற்றோரிடம் கூறுவதை நாம் அன்பின் கடமையாகக் கருதுகிறோம். கடைக்குப் பேரன் செல்கிறான். நாளிதழ் இருக்குமிடத்திற்கே வந்துவிடுகிறது. சாய்வு நாற்காலியை விட்டு எழவேண்டிய தேவையே முதியவருக்கு இல்லாமற் போகிறது. நாளடைவில் பொருளை வைத்த இடம் மறக்கிறது. பழகிய பெயரும் நாவில் வர மறுக்கிறது. மூப்பின் இயல்பு என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். முழுவதும் மூப்பின் செயல்தானா என்று ஆராய்ந்து பார்த்தல் நலம்.

மூளையின் இருபுறத்தும் உள்ளே அடங்கியிருக்கும் சிறு பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். கடற்குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. அதன் வடிவை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. புதிய நினைவுகள் பதிவதற்கு இப்பகுதி இன்றியமையாதது. முதுமையில் இது சிறிது சிறிதாகச் சுருங்குகிறது.

அமெரிக்காவில் கிர்க் எரிக்ஸன், ஆர்தர் கிரேமர் முதலிய அறிஞர்கள் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் ஓராண்டுக் காலம் வாரத்தில் 3 நாள் நடந்தனர். 10 நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டி, ஏழாம் வாரத்தில் 40 நிமிடத்தை எட்டினர். மற்றவர்கள் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தனர். ஆண்டிறுதியில் மூளையைப் படம் எடுத்தபோது, நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறக்குறைய 2 விழுக்காடு பெருத்திருந்தது, மற்றவர்களுக்கோ 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. நரம்பணுக்களைப் பேணும் ஒரு புரதம் இரத்தத்தில் மிகுந்த அளவிற்கு, நடந்தவர்களிடம் இவ்வளர்ச்சியும் மிகுந்து காணப்பட்டது.

எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. அவ்வாய்வின் நினைவுத் தேர்வில் இரு பிரிவினருமே முன்னேறினர். நடந்தவர்கள் தனித்து விஞ்சவில்லை. 2018இல் இங்கிலாந்தில், மறதிநோய் ஏற்கெனவே கண்ட 494 பேரிடம் நடந்த ஆய்வு வெளியாயிற்று. பயிற்சியால் அவர்கள் உடல் வலுவுற்றதேயன்றி, அறிவின் தளர்ச்சி குறையவில்லை. ஆகவே நடையை வந்த நோய்க்கு மருந்தென எண்ணுதல் கூடாது; நலமாக இருக்கும்போதே பேணவேண்டிய பழக்கம் அது. மறதிநோய்க்கு வழிகோலும் இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் அது கட்டுக்குள் வைக்க உதவுகிறது என்பது தெளிவு.

வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் நடந்தால் போதும். பேச இயலவேண்டும், பாட இயலாது. அந்த வேகமே அளவு. இதய நோயோ மூட்டு வலியோ உடையவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

நேயர்களே, இன்று மாலை உங்கள் தந்தையாரிடம் "அமருங்கள்" என்று சொல்லாதீர்கள். "வாருங்கள், சிறிது தூரம் நடந்து வரலாம்" என்று அழையுங்கள், உடன் செல்லுங்கள். அதனினும் சிறந்த பணிவிடை வேறில்லை.