கொச்சைக்கும் விதி உண்டு



எழுத்துத் தோன்றும் முன்பே பேசப்பட்ட ஒரு மொழியை எப்படி மீட்டெடுக்கிறார்கள்? ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் 'செவி'; கன்னடத்தில் 'கிவி'; துளுவில் 'கெபி'; நீலகிரிக் கோத்தர்களின் பேச்சில் 'கெவ்'. நான்கும் ஒரே மூலச் சொல்லின் பிள்ளைகள். மூலச் சொல்லின் முதல் ஒலி சகரமா, ககரமா?

ஒற்றைச் சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாற்றம் முறையாக நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் 'செய்' பழங்கன்னடத்தில் 'கெய்'. சிவப்பைக் குறிக்கும் 'செம்' அங்கே 'கெம்'. ஆனால் 'கெடு', 'கிளி', 'கீழ்' ஆகியவை தமிழிலும் ககரத்தோடுதான் இருக்கின்றன. காரணம், அவற்றில் அடுத்து வருவது நாக்கை மடித்துச் சொல்லும் ட, ள, ழ. விதிவிலக்குக்கும் ஒரு விதி! இ, எ முன் ககரம் சகரமாவது உலகின் பல மொழிகளில் நடந்தது. சகரம் ககரமாவது அரிது. ஆகவே ககரமே மூத்தது. இப்படிக் கணித்த சொல்லுக்கு முன்னால் ஓர் உடுக்குறி இடுவார்கள். எந்த ஏட்டிலும் கண்டதல்ல என்பதற்கு அது அடையாளம்.

'பால்' என்ற சொல்லில் நிலைமை வேறு. தமிழ் பகரத்தைக் காத்தது. கன்னடம் 'ஹாலு' என்று மாற்றியது. மூலமொழி தமிழும் அல்ல, கன்னடமும் அல்ல. எந்த மொழியும் முழுச் சாட்சி அல்ல. எந்த மொழியையும் ஒதுக்கிவிட்டு வழக்கை நடத்தவும் முடியாது.

ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள தமிழ் இழந்த ஒலியை, எழுத்தே இல்லாத கோத்தர் பேச்சு வைத்திருந்தது. பானை வனைந்து, இரும்படித்து, வாத்தியம் வாசித்த அந்த மக்களை அக்கம்பக்கத்தார் தாழ்வாகவே நடத்தினார்கள். 1930களில் எமனோ அங்கே சென்று அவர்கள் பேச்சை எழுதிக்கொண்டார். அவரும் பரோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் செந்தமிழ்ச் சொல்லும் கோத்தர் சொல்லும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன.

பழையது என்பதால் அது உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. மாறிய பேச்சும் ஒழுங்காகவே மாறுகிறது. 'இலை'யை 'எலை' என்றும் 'குடை'யை 'கொடை' என்றும் சொல்லும் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேலி செய்கிறார்கள். அதே பிள்ளை 'குடி'யை 'கொடி' என்று சொல்வதில்லை. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால்தான் மாற்றுகிறது. இகரம் வந்தால் மாற்றுவதில்லை. யாரும் கற்றுத்தராத இலக்கணம் அந்த நாவில் இருக்கிறது.

மாணவர்களே, உங்கள் பாட்டியின் பேச்சைத் திருத்தாதீர்கள், பதிவு செய்யுங்கள். நாளைய ஆய்வாளருக்கு அது சாட்சியம். இன்றைக்கு நமக்கு அது மானம்.