நிழலும் காற்றும் நமது உரிமை
(கொம்பனித்தெருவில் ஆற்றிய உரை)



நீதிமன்றத்திலே ஒரு பக்கத்தாரை மட்டும் விசாரித்துத் தீர்ப்பளிப்பதில்லை. வீட்டு விடயத்திலோ, அதிற் குடியிருக்கப் போகின்றவரைக் கேளாமலே தீர்ப்பு எழுதப்படுகின்றது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எண்ணிப் பாருங்கள். நடுவே முற்றம், சுற்றிலும் விறாந்தை, சுண்ணாம்புச் சாந்திட்ட தடித்த சுவர், வைரமேறிய பனைமரங்களின்மேல் ஓட்டுக்கூரை. முற்றத்திலே சூடேறிய காற்று மேலெழ, அறைகளுக்குட் புதுக்காற்றுப் புகுகின்றது. தாழ இறங்கிய இறப்பு, வெயிலும் மழையும் சுவரிற் படாது காக்கின்றது. மின்விசிறி வருமுன்னரே வெப்பத்தை வென்ற அறிவு இது.

“நகரத்திற்கு இது பொருந்தாது” என்பார் சிலர். சட்டம் பயின்று பின்னர் கட்டடக் கலைஞரான ஜெப்ரி பாவா, 1960களின் தொடக்கத்திலே, கொழும்பு நகருக்குள் ஈனா டி சில்வாவின் புதுமனையை முற்றத்தைச் சுற்றியே அமைத்தார். அருகிலுள்ள பேர வாவியைப் பாருங்கள். அவர் வரைந்த சீமமாலக்கத்தின் மரச்சட்டங்களுக்கூடாக வாவிக்காற்று வீசுகின்றது. அவர் பழமையை நகலெடுத்தாரல்லர். அதன் நியாயத்தை எடுத்துக்கொண்டார்.

அந்த நியாயத்தை மறந்தோர் செய்ததென்ன? போரில் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று 2016இல் திட்டமிட்டனர். வீடொன்றிற்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய் என்றனர். இந்திய உதவித் திட்டத்திலோ, ஐந்தரை இலட்சம் பெற்று மக்கள் தாமே கல்வீடு கட்டினர்! அப்பணம் ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் கூலியாயிற்று. உருக்கு வீட்டைத் தமிழ்ப் பிரதிநிதிகளும் பொறியியலாளரும் எதிர்த்தனர், அத்திட்டம் நிறைவேறவில்லை.

கிடுகுக் குடிசைக்குத் திரும்புங்கள் என்று நான் கூறவில்லை. சீமெந்தும் கம்பியும் வேண்டிய இடத்தில் இருக்கட்டும். ஆனால், பழைய வீடுகள் அகன்று தொடர்மாடிகள் எழும் இத்தெருவிலே நான் கேட்கின்றேன்: அறைகளிலே எதிரெதிர்ச் சாளரங்கள் உண்டா? பிள்ளைகளுக்குப் பொது முற்றம் உண்டா? காற்றில்லா அறையின் மின்கட்டணத்தைச் செலுத்தப்போவது யார்? வரைபடம் போட்டவரா, வாழப்போகும் ஏழையா?

பொறியியலாளரே, எங்கள் பாட்டன் கட்டிய வீட்டையும் அளந்து பாருங்கள். கமக்காரரே, ஒரு பனையைத் தறித்தால் பத்து விதை ஊன்றுங்கள். ஆட்சியாளரே, வரைபடத்திற்கு அனுமதி வழங்குமுன் குடியிருப்போரின் வாக்குமூலத்தைக் கேளுங்கள். இது சலுகையன்று, உரிமை!