நாலு காலண்டர், ஒரு கேமரா: எல்லையோரத்தில் ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர் வேலை

(ஒலி நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

நான் தேன்கனிக்கோட்டையில் இருந்து பேசுறேன். பதினாலு வருஷமா ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர். ஸ்டுடியோ கிடையாது, போர்டு கிடையாது. ஒரு போன் நம்பர், ரெண்டு கேமரா, ஒரு பைக். கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா, எல்லாம் எடுப்பேன்.

"எப்பப் பார்த்தாலும் ஓடிக்கிட்டே இருக்கீங்க, நல்ல வருமானம்தானே?"ன்னு கேட்பாங்க. ஓடுறது உண்மை. ஆனா ஓட்டத்துக்கும் கையில் நிக்கிற காசுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு. இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்ற தம்பி, தங்கச்சிகளுக்காக அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

தேதிதான் சரக்கு

எங்க பக்கம் ரோஜா சாகுபடி அதிகம். ஓசூர் ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாடு வரைக்கும் போகும். பிப்ரவரி 14 தாண்டினா அதே பூவுக்கு அந்த விலை கிடைக்காது. என் தேதியும் அப்படித்தான். ஒரு முகூர்த்த நாள் சும்மா போயிட்டா அதை எடுத்து வச்சு அடுத்த மாசம் விற்க முடியாது. அதே மாதிரி, ஒரு நல்ல நாளை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கொடுக்க முடியும்.

அதனால தேதிகளை முன்கூட்டியே படிக்கத் தெரியணும். இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதுன்னு நாலு மொழி புழங்குது. கல்யாணக் கணக்கும் வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்க் குடும்பங்கள் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டாங்க. ஆடின்னா சூரியக் கணக்கு, ஜூலை நடுவுல தொடங்கி ஆகஸ்ட் நடு வரைக்கும். கன்னட, தெலுங்குக் குடும்பங்கள் பல பேர் ஒதுக்குறது ஆஷாட மாசத்தை. அது சந்திரக் கணக்கு, அமாவாசையில் முடியும். 2025-ல் அது ஜூலை 24-ஆம் தேதியே முடிஞ்சு, மறுநாள் சிராவணம் தொடங்கிடுச்சு. தமிழ் வீட்டில் இன்னும் ஆடி ஓடிக்கிட்டு இருக்கும்போதே, எல்லைக்கு அந்தப் பக்கம் மண்டபங்களில் மேளம் கேட்க ஆரம்பிச்சிடும்.

முஸ்லிம் வீடுகளில் ரம்ஜான் மாசம் நிக்காஹ் குறைவு, முஹர்ரத்தையும் பல பேர் தவிர்ப்பாங்க. அந்தக் கணக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னாடி நகர்ந்துக்கிட்டே வரும். மார்கழியில மட்டும் இந்து வீடுகளில் அநேகமா எல்லா மொழிக்காரங்களுக்கும் ஓய்வு.

இதெல்லாம் புரோகிதர் சமாச்சாரம்னு விட்டுட முடியாது. என் வீட்டுச் சுவத்தில் தமிழ்க் காலண்டர், கன்னடப் பஞ்சாங்கம், பள்ளிவாசல் காலண்டர், ஒரு ஆபீஸ் காலண்டர்னு நாலும் தொங்குது. ஆடியில் பொழுது போகாம உட்கார்ந்திருக்கணுமா வேண்டாமான்னு அந்தச் சுவர்தான் சொல்லும்.

கண்ணுக்குத் தெரியாத நாட்கள்

ஒரு கல்யாணம்னா முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியக்காலை முகூர்த்தம். ரெண்டு நாளில் நாலாயிரம் படம் வரும். 24 மெகாபிக்ஸல் கேமராவில் ரா ஃபைலா எடுத்தா நூறு ஜிபியைத் தொடும். அதை ரெண்டு ஹார்ட் டிஸ்க்கில் தனித்தனியா ஏத்தணும், பொறுக்கணும், நிறம் சரி பண்ணணும், ஆல்பம் வடிவமைக்கணும், வீட்டுக்காரங்க கேட்கிற திருத்தம் போடணும். கேமரா பிடிக்கிறது ரெண்டு நாள், கம்ப்யூட்டர் முன்னாடி ஆறேழு நாள். மாசத்துக்கு அஞ்சு கல்யாணம்னு பெருமையா சொல்றவர், தனக்கே தெரியாம நாற்பது நாள் வேலையை முப்பது நாளுக்குள்ள திணிக்கிறார். எங்க ஆளுங்களுக்கு முதுகுவலி, கண் எரிச்சல் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்குது.

இதுக்கு மேல பெங்களூரு ஸ்டுடியோக்கள் ரெண்டாவது கேமராவுக்கு நாள் சம்பளத்தில் கூப்பிடும். இங்கே கிடைக்கிறதை விடக் கூடுதலாத்தான் கொடுப்பாங்க. ஆனா அஞ்சு மணிக்கு ஜெயநகர் மண்டபத்தில் நிக்கணும்னா மூணு மணிக்கு முன்னாடியே பைக் எடுக்கணும். ஓசூர், அத்திப்பள்ளி தாண்டிப் போய்த் திரும்புற நேரத்தையும் பெட்ரோலையும் கழிச்சுப் பாருங்க. சில நாள் உள்ளூர் காதுகுத்தே மேல்.

இன்னொண்ணு, எங்க ஊருக்கே உரியது. அக்டோபருக்கு மேல பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு வரும். கேழ்வரகு அறுவடையும் அப்பத்தான், ஐப்பசி கார்த்திகை முகூர்த்தமும் அப்பத்தான். அஞ்செட்டி ரோடு, ஜவளகிரி ரோடு பக்கம் கல்யாணம்னா ராத்திரி மண்டபத்திலேயே படுக்க இடம் வேணும்னு முன்பணம் வாங்கும்போதே பேசிடுவேன். எந்தப் பேமெண்டும் யானைக்கு எதிர்ல பைக் ஓட்டுற அளவுக்குப் பெரிசு இல்லை. "அப்படியே நாலு யானைப் படமும் எடுத்துக் கொடுங்க"ன்னு கேட்கிறவங்களும் உண்டு. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள்ள போய்ப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேணும். அனுமதி இல்லாம நான் போறதில்லை.

கம்பெனி வேலை, கம்பெனி பாக்கி

1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூர் தொழிற்சாலை ஊர் ஆயிடுச்சு. இப்ப அந்த வளர்ச்சி எங்க தாலுகா வரைக்கும் வந்திருக்கு. எங்களுக்கு அதுல வேலை இருக்கு. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம், ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், அப்புறம் ஆயுத பூஜை. இடையில புது மெஷின் வந்தா, ஆடிட் வந்தா, கேட்டலாக் போட்டா அழைப்பு வரும். முகூர்த்தம் இல்லாத மாசத்தை இது தாங்கிப் பிடிக்கும்.

சிக்கல் என்னன்னா, கல்யாண வீட்டில் முன்பணம் வரும். கம்பெனியில் பில் கொடுத்துட்டுக் காத்திருக்கணும். ஒரு கம்பெனியில எனக்கு ஏழு மாசம் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் "சார் லீவுல இருக்காரு"ன்னுதான் பதில். அதுக்குள்ள லென்ஸ் தவணை ஏழு தடவை போயிடுச்சு.

இங்கே பல பேருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு இருக்கு. உத்யம் பதிவு, இணையத்தில் இலவசம். போட்டோகிராபியும் சேவைத் தொழில்தான், பதிவு பண்ணலாம். 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு செஞ்ச குறு, சிறு தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் எத்தனை நாள்னு எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. எதுவும் எழுதலைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, காலத்தில் கொடுக்காத தொகையைக் கம்பெனி அந்த வருஷச் செலவாக் காட்டி வரி குறைக்கவும் முடியாது. இப்பெல்லாம் மார்ச் மாசம் அக்கவுண்ட்ஸ் ஆளுங்களே எனக்குப் போன் பண்றாங்க. ஆனா வேலைக்கு முன்னாடியே பதிவு இருக்கணும். பில்லில் உத்யம் நம்பரையும் போடுங்க. கம்பெனி பிடிக்கிற டிடிஎஸ் உங்க பணம். வருமானவரிக் கணக்கு தாக்கல் பண்ணினா, கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்பி வரும். அலட்சியமா விட்டுடாதீங்க.

படம் யாருடையது?

நான் எடுத்த படம் என்னுடையதுன்னு நாம நினைப்போம். 1957-ஆம் வருஷத்து காப்புரிமைச் சட்டம் வேற மாதிரி சொல்லுது. காசு கொடுத்து ஒருத்தர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் அவர்தான். கல்யாணப் பொண்ணு படத்தை நம்ம இன்ஸ்டாகிராமில் போட அவங்க சம்மதம் எழுத்தில் இருக்கணும். சட்டத்தை விடுங்க, ஒரு வீட்டுப் பொண்ணு படம், அந்த மரியாதை வேணும்.

அதனால நான் ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குறேன். தேதி, முன்பணம், எத்தனை நாளில் ஆல்பம், எத்தனை தடவை திருத்தம், ஃபைலை எத்தனை மாசம் வச்சிருப்பேன், படத்தை நான் எங்கே பயன்படுத்தலாம். தமிழில் ஒண்ணு, கன்னடத்தில் ஒண்ணு இருக்கு. தெரிஞ்சவங்க வீடுன்னாலும் வாங்குறேன். தெரிஞ்சவங்க வீட்டில்தான் பின்னாடி மனஸ்தாபம் வரும்.

புதுசா வர்றவங்களுக்குக் கடைசியா ஒரு கணக்கு சொல்றேன். ஒரு டைரி வாங்குங்க. கேமரா பிடிச்ச நாளை நீல மையில எழுதுங்க. எடிட்டிங், பயணம், பாக்கிக்காக அலைஞ்ச நாளைச் சிவப்புல எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு, வந்த மொத்தப் பணத்தை ரெண்டு நிறத்தையும் சேர்த்து வகுத்துப் பாருங்க. அதுதான் உங்க உண்மையான நாள் கூலி. அதைத் தெரிஞ்சுக்கிட்டு ரேட் சொல்லுங்க. கேட்கிறவங்க குறைச்சுப் பேசினா, எங்கே இறங்கலாம், எங்கே "இல்லீங்க, அந்தத் தேதி எனக்குக் கட்டாது"ன்னு சொல்லலாம்னு உங்களுக்கே தெரியும்.