அண்டை நாட்டுப் பால்மரமும் நமது உளியும்

(தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)



இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். களைத்திருக்கும் உங்களிடம் அயல்நாட்டுப் பொருளாதாரம் பேச வந்தவனை நீங்கள் ஐயத்தோடு நோக்குவது நியாயமே. ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள், உங்கள் மங்கில் சொட்டும் பாலைப் பற்றியதுதான்.

1988-ஆம் ஆண்டில் மலேசியா 16 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட இயற்கை ரப்பரை விளைவித்தது. அன்று உலகில் நாமே முதலிடத்தில் இருந்தோம். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் நம்மை முந்தின. பின்னாளில் வியட்நாமும் முந்தியது. 2023-இல் நமது விளைச்சல் 4 இலட்சம் டன்னை எட்டவில்லை. தாய்லாந்தோ 40 இலட்சம் டன்னைக் கடந்து நின்றது. நமது கையுறைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பாலில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலிருந்தே வருகிறது.

மரம் அவர்களுடையது சிறந்ததோ என்றால், அதுவும் அன்று. நமது ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ரகமே தாய்லாந்தில் பல்லாண்டுக் காலம் மிகுதியாக நடப்பட்டது. அதன் தாய் மரம் ஜாவாவில் தேர்ந்தெடுத்த ரகம். தந்தை மரம் நமது பிராங் பெசார் தோட்டத்து ரகம். அந்தப் பிராங் பெசார் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நிலம் செம்பனைக்கும் நகரங்களுக்கும் போயிற்று. இளைஞர் தொழிற்சாலைக்குப் போயினர். இதை வீழ்ச்சி என்று புலம்புவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நிலையான சம்பளம் தேடிச் சென்ற பிள்ளையை எவ்வாறு குறை கூறுவது? ஆனால் தேர்ந்த வெட்டுக்காரர் குறைந்தனர். வெட்டப்படாத மரங்கள் பெருகின. இங்கேதான் அண்டை நாட்டான் வென்றான்.

தாய்லாந்தில் ரப்பர் பெரும்பாலும் சிறு தோட்டக்காரரின் தொழில். கணவனும் மனைவியும் தம் மரத்தைத் தாமே வெட்டுவர். பிறர் மரத்தை வெட்டினாலும், விற்ற தொகையில் பாதியோ, சற்றுக் குறைவோ வெட்டியவருக்குப் பங்காகக் கிடைக்கும். வியட்நாமில் ஒரு ஹெக்டரில் ஒன்றரை டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். பரப்பில் பெரிய இந்தோனேசியா ஏறத்தாழ ஒரு டன்னோடு நின்றுவிடுகிறது. ஆகவே நிலம் மிகுதியாக இருப்பதே போட்டியில் பலமாகிவிடாது.

விலையும் அவர்களைச் சோதித்தது. 2011-இன் தொடக்கத்தில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. பால்மரம் வெட்டுக்கு வர ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். நல்ல விலையை நம்பி நட்ட கன்றுகள் பால் தந்தபோது சந்தையில் ரப்பர் குவிந்திருந்தது, விலை சரிந்தது. 2001 முதல் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் ரப்பர் விலைக்காகக் கூடிப் பேசியும், சில வேளைகளில் ஏற்றுமதியைக் குறைத்தும் பார்த்தன. போட்டியாளரே பங்காளிகளாகவும் இருக்க வேண்டிய தொழில் இது.

இனி, நமது உளி. 1965-இல் தரம் குறித்த ரப்பரை உலகுக்கு முதலில் அளித்தவர்கள் நாம். மணலும் பட்டைத் துண்டும் கலந்த ஒட்டுப்பால் அந்தப் பெயரைக் கெடுக்கும். உளி ஆழ இறங்கி மரக்கட்டையைத் தொட்டால், புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அங்கே மீண்டும் வெட்டுப்போட இயலாது. இருபத்தைந்து ஆண்டு பால் தரவேண்டிய மரம் முன்னதாகவே வீணாகும்.

இதை நீங்கள் என்னினும் நன்கறிவீர்கள். மரம் தன்னுடையதாக இருப்பவன் பட்டையைக் காப்பான். அன்றாடக் கூலிக்கு ஓடுபவனுக்கு அந்த அக்கறையை வெறும் புத்திமதியால் ஊட்ட முடியாது என்பது என் கருத்து. நல்ல வெட்டுக்குத் தனி ஊதியம் வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை உங்களிடமே கேட்க மீதி நேரத்தை ஒதுக்கியிருக்கிறேன். முன்வரிசைத் தாய்மார்கள் முதலில் பேசலாம்.