சாக்கடைத் தண்ணீர் கோலாருக்குப் போன கதை



பெங்களூரில் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்து வருகிறது. பெங்களூர் மேட்டில் இருக்கும் ஊர். அதனால் பம்பு வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். இத்தனை பாடுபட்டு வந்த தண்ணீர், ஒரு தடவை பாத்திரம் கழுவியதும் சாக்கடைக்குப் போய்விடுகிறது.

அதற்குப் பிறகு எங்கே போகிறது?

ஒரு பகுதி பெல்லந்தூர் ஏரிப் பக்கம் போகிறது. பல ஆண்டுகள் சுத்தம் செய்யாத கழிவுநீர் அந்த ஏரியில் கலந்தது. சோப்புத்தூள் நுரை மலை போல எழுந்தது. காற்றில் பறந்து ரோட்டில் விழுந்தது. 2017 பிப்ரவரியில் ஏரியில் தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் மறுபடியும் பிடித்தது. ராணுவ வீரர்களும் வந்து அணைத்தார்கள். ஏரியை அணைக்க ராணுவம்! கேட்டால் சிரிப்பு வரும். அங்கே குடியிருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கழிவுநீரைச் சுத்தம் செய்ய முடியாதா? முடியும்.

முதலில் கம்பித் தடுப்பு. கந்தல் துணி, பிளாஸ்டிக் எல்லாம் அங்கே நின்றுவிடும். பிறகு தண்ணீரைத் தொட்டியில் அசையாமல் நிறுத்துகிறார்கள். அரிசி களைந்த தண்ணீரை வைத்தால் அடியில் மாவு தங்குகிறது அல்லவா? அதைப் போலச் சேறு அடியில் தங்கும்.

ஆனால் கரைந்த அழுக்கு தங்காது. அதை யார் எடுப்பது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். தோசை மாவு புளிப்பது நுண்ணுயிர்களால்தான். சாக்கடைத் தண்ணீரிலும் நுண்ணுயிர்கள் உண்டு. அழுக்குதான் அவற்றுக்குச் சாப்பாடு. அவை மூச்சு விட வேண்டும். அதற்காக மெஷின் வைத்து இரவும் பகலும் தொட்டிக்குள் காற்று ஊதுகிறார்கள். காற்று நின்றால் நாற்றம் தொடங்கிவிடும்.

தின்று பெருகிய உயிர்கள் கடைசியில் சேறாக அடியில் படியும். அதில் கொஞ்சம் எடுத்து மறுபடியும் தொட்டியில் விடுகிறார்கள். பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே வேலைதான். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-ல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

இதுவரை இரண்டு கட்டம். பெங்களூரில் இப்படிச் சுத்தம் செய்த தண்ணீரை 2018 ஜூன் மாதம் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாயில் விட்டார்கள். நாளுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டம். கோலார் வறண்ட பூமி. ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் தண்ணீர் இல்லாத இடங்கள் உண்டு. ஏரி நிறைந்தால் நிலத்தடி நீர் ஊறும் என்பது கணக்கு. காய்ந்து கிடந்த ஏரிகளில் தண்ணீர் நின்றது.

அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் நுரை தெரிந்தது. பெல்லந்தூரில் பார்த்த அதே நுரை. வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தண்ணீரை நிறுத்தி வைத்தது. பிறகு மறுபடியும் தண்ணீர் போனது.

விவசாயிகளின் பயம் வீண் பயம் அல்ல. நுண்ணுயிர் சோற்றுக் கழிவைத் தின்னும். ஈயத்தையும் குரோமியத்தையும் தின்று தீர்க்காது. முலாம் பூசும் பட்டறையில் இருந்து சாக்கடையில் ஊற்றினால், அவை சேற்றிலும் தண்ணீரிலும் அப்படியே இருக்கும். சோப்புத்தூளில் வரும் பாஸ்பரசும் இரண்டு கட்டத்தில் முழுதாகப் போகாது. அதை எடுக்கவும், கிருமியைக் கொல்லவும், மெல்லிய துகளை வடிகட்டவும் மூன்றாம் கட்டம் இருக்கிறது. செலவு கூடும்.

அந்த மூன்றாம் கட்டத்தைத்தான் கோலார் விவசாயிகள் கேட்டார்கள். பல ஆண்டுகள் கேட்டார்கள்.