இடம் எங்கே இழக்கப்படுகிறது?



பேத்துப்பாறையிலும் சுற்றியுள்ள மலைச் சிற்றூர்களிலும் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் கேட்பது, "இடம் கிடைக்குமா ஐயா?" என்பதே. இடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு, 2009 முதல் அதனுள் அருந்ததியர்க்கு 3, பழங்குடியினர்க்கு 1. பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வும் 2007-இலேயே ஒழிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 7.5 விழுக்காட்டை உள் ஒதுக்கீடாக வழங்கிற்று; ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அதில் அடங்கும். அவ்வாறு இடம் பெற்றவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

பின் எங்கே இழக்கிறோம்? பதினோராம் வகுப்பின் வாயிலில். கணிதம் வராது என்று அஞ்சியோ, பள்ளியில் கிடைத்தது இதுதான் என்றோ வேறு பாடப்பிரிவில் சேரும் அன்றே பொறியியல் நம் கையைவிட்டுப் போகிறது. தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் கணிதத்திற்கே 100. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்துதான் மற்றொரு 100. அருகில் கணிதப் பிரிவு இல்லையெனில் விடுதியுள்ள அரசுப் பள்ளிக்கு அனுப்புவதே தக்கது. பூண்டுத் தோட்ட வேலைக்கு ஓராள் குறையுமே என்று பார்த்தல் கூடாது. தனியார் பள்ளி மோகத்தில் இடையில் ஓராண்டு மாற்றினாலும் 7.5 விழுக்காட்டு உரிமை போய்விடும். இதைப் பலர் அறியார்.

சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் கடைசி நேரத்தில் தேடி அலைய வேண்டா. பளியர் பிள்ளைகளுக்குக் கோட்டாட்சியர் விசாரித்தே சான்று தருவார்; அதற்கு நாளாகும். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்திலேயே பிள்ளையுடன் சங்கத்திற்கு வாருங்கள். பாடப்பிரிவைக் கலந்து பேசித் தீர்மானிப்போம்.