மலைச்சரிவில் ஒரு நாடக அரங்கம்

கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்று ஓர் இடம். அங்கே மலைச்சரிவில் ஒரு திறந்தவெளி நாடக அரங்கம். வயது 2,000 ஆண்டுக்கு மேல். நம் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி, கல் வரிசைகள் வளைந்து வளைந்து மேலே ஏறும். கீழே நடிகர் குரலெடுத்துப் பேசினால், உச்சிப் படியிலும் கேட்கும். ஆமாம், ஒலிபெருக்கி இல்லாமலேயே கேட்கும்!

எப்படி? மலைச்சரிவு ஒரு காரணம். அந்தக் கல் படிகள் இன்னொரு காரணம். கூட்டத்தின் முணுமுணுப்பு போன்ற தாழ்ந்த ஒலியைப் படிகள் அடக்கிவிடுகின்றன. பேச்சுக் குரல் தெளிவாக மேலே போகிறது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. இந்த அரங்கம் இருப்பது மருத்துவக் கடவுளின் கோயில் வளாகத்தில். நோய் தீர வந்தவர்களுக்கு நாடகமும் கிடைத்தது! இன்றும் கோடைதோறும் இரவில் அங்கே பழைய கிரேக்க நாடகங்கள் நடக்கின்றன. மக்கள் அதே கல் படிகளில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள்.